அடிபட்டவரே சொல்ல வேண்டிய ஆட்டம்: ஓர் ஏர்சாஃப்ட் களத்தைப் பற்றிய மதிப்பீடு

நிஜத் துப்பாக்கியைப் போன்ற விளையாட்டுத் துப்பாக்கிகளால் இரு அணிகள் ஒன்றையொன்று சுட்டு ஆடும் ஏர்சாஃப்ட் ஆட்டத்தில் சுடப்படும் 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டு உடையில் எந்தத் தடயத்தையும் விட்டுச் செல்வதில்லை. பெயிண்ட்பாலில் சாயம் தெறித்து நிற்பதால் வாக்குவாதத்துக்கு இடம் குறைவு; இங்கே குண்டு பட்டவர் கையை உயர்த்தி "ஹிட்" என்று குரல் கொடுத்தால்தான் அவர் அவுட். ஆகவே ஒரு களத்தை மதிப்பிடும்போது அதன் பரப்பளவையும் அலங்காரத் தடுப்புகளையும் பார்ப்பதற்கு முன், ஆட்டக்காரர்களின் கண்கள் அங்கே எப்படிக் காக்கப்படுகின்றன, பொய் சொல்பவர் எப்படிக் கையாளப்படுகிறார் என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டாக வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை என்பது என் உறுதியான கருத்து. ஒருவர் ஹிட்டை ஒப்புக்கொள்ளாமல் தொடர்ந்து ஆடினால், எதிரில் இருப்பவர் அடுத்த முறை இரண்டு குண்டுக்குப் பதிலாகப் பத்து குண்டு சுடுவார், இன்னும் நெருங்கி வந்து சுடுவார், அதற்கும் பலன் இல்லையென்றால் அடுத்த வாரம் துப்பாக்கியின் வேகத்தைக் கூட்டிக்கொண்டு வருவார். நாணயக்கேடு காயத்தில் போய் முடிவது இந்த வழியாகத்தான்.

நான் இங்கே மதிப்பிடுவது, மரங்கள் அடர்ந்த ஒரு பகுதியும், பலகைச் சுவர்களால் அறை அறையாகப் பிரிக்கப்பட்ட ஒரு கட்டடப் பகுதியும் கொண்ட களம். வெவ்வேறு பருவங்களில், கூட்டம் நிறைந்த நாட்களிலும் ஆள் குறைந்த நாட்களிலும் அங்கே ஆடியிருக்கிறேன். குறைகளையும் எழுதப்போவதாலும், அவற்றை நிர்வாகத்திடம் நேரிலேயே தெரிவித்துவிட்டதாலும், களத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. வேறு எந்தக் களத்துக்குப் போகிறவரும் இதே கேள்விகளை அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

முதலில் கண். நுழைவு மேசையில் பெயர் பதிவதற்கு முன்பே உங்கள் பாதுகாப்புக் கண்ணாடியைக் கையில் வாங்கிப் பார்க்கிறார்கள். பிராண்டைப் பார்ப்பதில்லை, வில்லையின் ஓரத்திலும் சட்டத்திலும் பொறிக்கப்பட்ட தரக் குறியீட்டைத் தேடுகிறார்கள். இந்தப் பழக்கத்துக்காகவே இக்களத்துக்குப் பாதி மதிப்பெண் தரலாம். ஐரோப்பிய ஈ.என். 166 தரத்தில், சுமார் 0.86 கிராம் எடையுள்ள 6 மில்லிமீட்டர் எஃகுக் குண்டை வில்லையின் மீது மோதவிட்டுச் சோதிப்பார்கள். 'எஃப்' குறியீடு என்றால் நொடிக்கு 45 மீட்டர் வேகம், 'பி' என்றால் 120 மீட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தால், எஃப் வில்லை தாங்கிக் காட்டியது ஏறத்தாழ 0.87 ஜூல் (ஜூல் என்பது ஆற்றலின் அலகு), பி வில்லை தாங்கிக் காட்டியது 6 ஜூலுக்கும் மேல். இக்களத்தில் சாதாரண துப்பாக்கிகளுக்கு அனுமதிக்கப்படும் உச்ச வரம்பே 1.14 ஜூல் என்பதால், எஃப் குறியீடு மட்டும் உள்ள, பக்கவாட்டில் திறந்து கிடக்கும் பட்டறைக் கண்ணாடியை அவர்கள் மறுப்பதில் முழு நியாயம் இருக்கிறது. பிளாஸ்டிக் குண்டும் எஃகுக் குண்டும் ஒரே மாதிரி மோதுவதில்லை என்று வாதிடுவோர் உண்டு. அது உண்மையே, ஆனால் கண் விஷயத்தில், சோதித்துக் காட்டப்பட்ட அளவுக்கு மேல் ஒரு வில்லையை நம்புவதற்குக் காரணம் எதுவும் இல்லை.

கம்பி வலைக் கண்ணாடிகளை இவர்கள் கண்ணுக்கு ஏற்பதில்லை. வலையில் பனி படியாது என்பதால் பலருக்கு அது பிடிக்கும். ஆனால் தரம் குறைந்த குண்டு வலையில் மோதி உடைந்தால், அதன் துணுக்குகள் ஓட்டைகள் வழியே உள்ளே புகுந்துவிடும். மூக்குக்குக் கீழே வலைக் கவசம் அணியலாம், கண்ணுக்குப் பாலிகார்பனேட் வில்லைதான் என்பது அவர்களுடைய விதி. நானும் அதையே பரிந்துரைப்பேன். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வாயையும் பல்லையும் மறைக்கும் கவசம் கட்டாயம். பெரியவர்களுக்கு அது விருப்பத்தைப் பொறுத்தது என்று விட்டிருப்பது எனக்கு உடன்பாடில்லை. முன்பல் உடைவது இந்த ஆட்டத்தில் அரிதான காயம் அல்ல. உடைந்த பல் வயதைப் பார்த்து வளர்வதும் இல்லை.

கண்ணில் குண்டு பட்டால் என்ன ஆகும் என்பதை ஆட்டத்துக்கு முந்தைய விளக்கத்தில் மென்மைப்படுத்தாமல் சொல்கிறார்கள். கருவிழியில் சிராய்ப்பு ஏற்படலாம். கருவிழிக்கும் கண்மணிப் படலத்துக்கும் இடையே இரத்தம் தேங்கலாம். விழிலென்ஸ் மங்கிப் புரை உண்டாகலாம். அடிபட்ட கண்ணில் பல ஆண்டுகள் கழித்து அழுத்தம் கூடிப் பார்வையைப் பாதிக்கவும் கூடும். இதைக் கேட்ட பிறகு கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு களத்தில் நடமாடும் துணிச்சல் யாருக்கும் வருவதில்லை. கண்ணாடி கழன்று விழுந்தால் செய்ய வேண்டியதையும் சொல்லித் தருகிறார்கள்: கண்களை இறுக மூடி, முகத்தைக் கைகளில் புதைத்து, தரையைப் பார்த்தபடி மண்டியிட்டு, உரக்கக் குரல் கொடுக்க வேண்டும். அருகில் இருப்பவர் யாராயினும், எதிரணியாயினும், "ஆட்டம் நிறுத்து" என்று கத்த வேண்டும். கேட்டவர் ஒவ்வொருவரும் அதைத் திரும்பக் கத்த வேண்டும்.

ஆனால் கண்ணாடியைக் கழற்றத் தூண்டுவது பெரும்பாலும் அலட்சியம் அல்ல, பனி மூட்டம். ஓடிக் களைத்தவரின் மூச்சும் வியர்வையும் வில்லையின் உட்புறத்தில் படிந்து, எதிரே நிற்பது மரமா மனிதரா என்று தெரியாத நிலையில், ஒரு நொடி விரலை உள்ளே விட்டுத் துடைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வருவது இயல்பு. அந்த ஒரு நொடிதான் ஆபத்து. இக்களத்தின் பெரிய குறைகளில் ஒன்று இங்கேதான் இருக்கிறது. வாடகைக்குத் தரும் கண்ணாடிகள் தரக் குறியீடு உள்ளவையே என்றாலும், ஒற்றை வில்லை கொண்டவை. பல கைகள் மாறியதில் கீறல் விழுந்தவை. சிலவற்றின் பட்டை தளர்ந்துபோய், தலையை வேகமாகத் திருப்பினால் நகர்கின்றன. இரட்டை வில்லை கொண்டவை பனி படிவதை வெகுவாகக் குறைக்கும். புதிதாக வருபவர்தான் வாடகைக் கண்ணாடி அணிகிறார், அவருக்குத்தான் பழக்கமும் குறைவு; அப்படியிருக்க, களத்திலேயே மோசமான கண்ணாடி அவருக்குப் போய்ச் சேருவது சரியல்ல. பனி மூடினால் வெளியே வந்து துடைத்துக்கொள்ள வலை கட்டிய சிறு கூண்டுகளைக் களத்தின் ஓரத்தில் வைத்திருப்பது இக்குறையை ஓரளவு ஈடுசெய்கிறது.

அடுத்தது வேகச் சோதனை. குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் வழியாகச் சுட்டுக் காட்டாமல் எந்தத் துப்பாக்கியும் உள்ளே போவதில்லை. இதில் நான் மிகவும் பாராட்டுவது, அவர்கள் வேகத்தை மட்டும் குறித்துக்கொள்ளாமல், அன்றைக்கு ஆட்டக்காரர் பயன்படுத்தப்போகும் குண்டையே போட்டுச் சுடச் சொல்லி, ஜூலில் கணக்கிடுவது. 0.20 கிராம் குண்டை வைத்து மட்டும் சோதித்தால் ஏமாற எளிது. காற்று தாராளமாக வெளியேறும் வாயுத் துப்பாக்கிகளிலும், அழுத்தக் காற்றில் இயங்கும் துப்பாக்கிகளிலும், கனமான குண்டு துப்பாக்கிக் குழலான பேரலுக்குள் சற்றே அதிக நேரம் இருந்து கூடுதல் ஆற்றலைப் பெற்றுக்கொண்டு வெளியேறும். 0.20 கிராம் குண்டில் நொடிக்கு 105 மீட்டர் காட்டி 1.10 ஜூலுடன் தேறிவிடும் துப்பாக்கி, 0.32 கிராம் குண்டில் 95 மீட்டர் காட்டினால் ஆற்றல் 1.44 ஜூலாகிவிடுகிறது. வேகம் குறைந்ததாகத் திரை சொல்லும். உடம்பில் படும் அடியோ கூடியிருக்கும். இந்த நுட்பம் தெரிந்தே அதைப் பயன்படுத்திக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அது அழுகுணி ஆட்டம் என்பதோடு நில்லாமல் மற்றவர் தோலையும் பல்லையும் பணயம் வைப்பது.

வரம்புகள் நிதானமானவை. தானியங்கித் துப்பாக்கிகளுக்கு 1.14 ஜூல், அதாவது 0.20 கிராம் குண்டில் நொடிக்கு ஏறத்தாழ 107 மீட்டர். கையால் ஒவ்வொரு முறையும் இழுத்துச் சுடும் ஸ்னைப்பர் ரைஃபிள்களுக்கு 2.3 ஜூல். ஜப்பானில் 6 மில்லிமீட்டர் குண்டுக்குச் சட்டமே 0.98 ஜூலுக்கு மேல் அனுமதிப்பதில்லை; பிரிட்டனின் 2017 ஆம் ஆண்டுச் சட்டம் தானியங்கிக்கு 1.3 ஜூலும் ஒற்றைச் சூட்டுக்கு 2.5 ஜூலும் என்று வரையறுக்கிறது. அவற்றோடு வைத்துப் பார்த்தால் இக்களத்தின் வரம்பு நடுவாந்தரம். ஸ்னைப்பர் வைத்திருப்பவர் 30 மீட்டருக்குள் இருக்கும் எவரையும் அதனால் சுடக்கூடாது. கிட்டத்தில் ஆள் வந்தால் இடுப்பில் இருக்கும் கைத்துப்பாக்கியை எடுக்க வேண்டும், அது இல்லாதவருக்கு ஸ்னைப்பர் அனுமதியே கிடையாது. கட்டடப் பகுதியில் எல்லோரும் ஒற்றைச் சூட்டில்தான் ஆட வேண்டும்.

சோதனை முடிந்த துப்பாக்கியில் அன்றைய நிறத்தில் ஒரு பட்டையைக் கட்டிவிடுகிறார்கள். அழுத்தக் காற்றுத் துப்பாக்கிகளில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில் பூட்டும் போடுகிறார்கள்; இல்லையென்றால் சோதனை முடிந்ததும் திருகைச் சற்றுத் திருப்பி வேகத்தை ஏற்றிக்கொள்ள நொடிப்பொழுது போதும். வாயுத் துப்பாக்கிகளுக்கு மதிய உணவுக்குப் பிறகு மறுசோதனை உண்டு. வெயில் ஏற ஏற வாயுவின் அழுத்தம் கூடும் என்பதால், காலைக் குளிரில் வரம்புக்குள் நின்ற துப்பாக்கி மதியத்தில், உரிமையாளர் கை வைக்காமலேயே, வரம்பைத் தாண்டிவிடலாம். இவ்வளவு தெரிந்து வைத்திருப்பவர்கள், கூட்டம் மிகுந்த நாட்களில் இந்த மறுசோதனையைக் கைவிட்டுவிடுகிறார்கள் என்பது வருத்தத்துக்குரியது. கூட்டம் மிகுந்த நாளில்தான் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள் அதிகம். கறாராக இருக்க வேண்டிய நாளும் அதுவே.

ஓய்விடத்துக்குத் திரும்பும் வாசலில் மணல் நிரப்பிய பீப்பாய் ஒன்று சாய்வாக நிற்கிறது. அங்கே வரிசையில் நின்று முதலில் குண்டுகள் நிரப்பிய மேகசினைக் கழற்ற வேண்டும், பிறகு பீப்பாய்க்குள் இரண்டு முறை சுட வேண்டும், பாதுகாப்புப் பொத்தானைப் போட வேண்டும், பேரலின் வாயில் துணி உறையை மாட்டி அதன் இழுகயிற்றைத் துப்பாக்கியின் பின்புறம் கோத்துவிட வேண்டும். மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று புதியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். குண்டுக்குப் பின்சுழற்சி கொடுக்கும் ஹாப்-அப் அறையில் ஒரு குண்டு தங்கியிருக்கும். ஒரு முறை என் முன்னால் நின்ற சிறுவன், "அங்கிள், நான்தான் மேகசினை எடுத்துட்டேனே" என்று நடுவரிடம் சொன்னான். நடுவர் கடிந்துகொள்ளாமல், "சரி தம்பி, இப்போ மணலைப் பார்த்து ஒரு தடவை அழுத்து" என்றார். டப்பென்று மணல் தெறித்தது. அந்தச் சிறுவன் துப்பாக்கியைப் பார்த்த பார்வையே போதும், அவனுக்கு இனி யாரும் இதை விளக்க வேண்டியதில்லை. ஓய்விடத்தில் கண்ணாடியைக் கழற்றி வைத்திருப்பவர்கள் எல்லோரும் இந்தப் பீப்பாயை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். லித்தியம் பாலிமர் பேட்டரிகளைத் தீத்தடுப்புப் பைகளில் வைத்து, ஆள் பார்வையிலேயே சார்ஜ் செய்யும் ஏற்பாடும் அங்கே இருக்கிறது.

இனி நேர்மை. ஹிட் ஒப்புக்கொள்ளாதவர்களை ஏர்சாஃப்ட் வட்டாரத்தில் 'ஜாம்பி' என்று அழைப்பார்கள். செத்த பிறகும் நடமாடுகிறவர்கள் என்று பொருள். ஆனால் நான் பார்த்தவரை, ஜாம்பி என்று வசை வாங்குகிறவர்களில் பலர் பொய்யர்கள் அல்லர். தடித்த உடை, முதுகுப் பை, ஓட்டத்தின் பரபரப்பு ஆகியவற்றுக்கிடையே, தொலைவிலிருந்து வந்து தளர்ந்துபோன குண்டு பட்டது தெரியாமலே போகும். சுடுபவரின் கண்ணும் ஏமாற்றும். ஹாப்-அப் கொடுக்கும் பின்சுழற்சியால் குண்டு நெடுந்தூரம் நேராக மிதந்து சென்று, கடைசியில் சட்டென்று தாழ்ந்தோ ஓரிலையில் பட்டு விலகியோ போய்விடும். பின்னால் இருந்து பார்ப்பவருக்கு அது நேரே நெஞ்சில் பட்டதுபோலத்தான் தோன்றும். ஆகவே "அவன் அவுட், நான் பார்த்தேன்" என்று எதிரணிக்காரர் கத்துவதை இக்களம் தடை செய்திருக்கிறது. சந்தேகம் இருந்தால் அருகில் உள்ள நடுவரிடம் சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடர வேண்டும். ஹிட் என்பதை அடிபட்டவர் மட்டுமே சொல்லலாம். அவர் சொல்லத் தவறுகிறாரா என்பதை நடுவர் மட்டுமே தீர்மானிக்கலாம். சண்டைகளில் பெரும்பகுதி இந்த ஒரு விதியிலேயே அடங்கிவிடுகிறது.

நடுவர்கள் செயல்படும் விதத்தை அருகிலிருந்து கவனித்தேன். ஒருவர் மீது புகார் வந்தால், அவரை நிறுத்தி விசாரிப்பதில்லை. நடுவர் ஒருவர் அவருக்குச் சற்றுப் பின்னால், அவர் கவனிக்காத இடத்தில் போய் நிற்கிறார். குண்டு படுவதைக் கண்ணால் கண்டு, அவர் கை உயரவில்லையென்றால், தோளைத் தொட்டு, "இப்போது உங்கள் முதுகுப் பையில் பட்டது, பையும் கணக்குத்தான்" என்று தாழ்ந்த குரலில் சொல்கிறார். பெரும்பாலோர் "அப்படியா, தெரியவில்லை" என்று உடனே கையை உயர்த்திவிடுகிறார்கள். இரண்டாம் முறையும் அதே நடந்தால் அந்தச் சுற்றிலிருந்து விலக்கம், மூன்றாம் முறை அன்றைய நாள் முழுவதற்கும். நாலு பேர் முன்னிலையில் ஒருவரைப் பொய்யர் என்று சொல்லிவிட்டால் அவர் தன் மானத்துக்காகவே அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒப்புக்கொள்வதற்கு மரியாதையான ஒரு வழியைத் திறந்து வைப்பது நடுவரின் திறமை. எங்கே பட்டால் கணக்கு என்பதையும் அவர்கள் தெளிவாக வகுத்திருக்கிறார்கள்: உடல், உடை, பை எல்லாம் ஹிட், கையிலுள்ள துப்பாக்கியில் பட்டால் இல்லை, சுவரில் பட்டுத் தெறித்து வந்தாலும் இல்லை. ஆயினும் நேரே வந்ததா தெறித்து வந்ததா என்ற ஐயம் எழுந்தால், அடிபட்டதாகவே எடுத்துக்கொள்ளும்படி சொல்கிறார்கள்.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் பட்டது, அவுட் ஆனவர் எவ்வளவு நேரம் வெளியே இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானித்திருக்கும் முறை. ஒரு முறை அடிபட்டால் சுற்று முடியும் வரை உட்கார வேண்டும் என்று விதி வைக்கும் களங்களில், நல்லவருக்கும் கை உயர்த்த மனம் வராது. இங்கே ரீஸ்பான் இடம், அதாவது அவுட் ஆனவர் மீண்டும் ஆட்டத்தில் சேரும் இடம், களத்தின் எந்த மூலையிலிருந்தும் சில நிமிட நடையில் இருக்கிறது. போய்ப் பலகையைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடலாம். உண்மையைச் சொல்வதற்கான விலை ஒரு சிறு நடை என்று ஆகிவிட்டால், பொய் சொல்வதில் யாருக்கும் பெரிய லாபம் இல்லை. அவுட் ஆன பிறகு தலைக்கு மேல் சிவப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு, வாய் திறக்காமல் நடக்க வேண்டும். "அந்தப் பச்சைக் கதவுக்குப் பின்னால் இருவர் இருக்கிறார்கள்" என்று போகிற போக்கில் தன் அணிக்குச் சொல்லிவிட்டுப் போவதும் இங்கே ஏமாற்றாகவே கருதப்படுகிறது. அதற்கும் அதே தண்டனைதான்.

சுடுபவரின் பொறுப்பையும் மறக்கவில்லை. மின்சாரத் துப்பாக்கி ஒன்று தானியங்கி முறையில் நொடிக்குப் பதினைந்து குண்டுகளுக்கு மேல் எளிதாகச் சுடும். அடிபட்டவர் உணர்ந்து, குரல் கொடுத்து, கையை உயர்த்தும் அந்த ஒரு நொடிக்குள் அவர் மேல் குண்டு மழையே பெய்துவிடும். இரண்டு மூன்று குண்டுகளோடு விசையிலிருந்து விரலை எடுக்க வேண்டும் என்று பழக்கப்படுத்துகிறார்கள். பார்க்காமல் மூலையைச் சுற்றித் துப்பாக்கியை மட்டும் நீட்டிச் சுடுவதற்கு முழுத் தடை. மிக அருகில், முதுகுப்புறமாக வந்துவிட்டால், சுடாமல் "சரணடை" என்று சொல்லலாம். கேட்டவர் ஏற்றுக்கொண்டால் நல்லது, திரும்பிச் சுட முனைந்தால் சுடலாம். சில களங்களில் இதைக் கட்டாயமாக்கி, ஒரே சமயத்தில் ஐந்து பேரைப் பார்த்துச் சொல்லி எல்லோரையும் அவுட் ஆக்குகிற வினோதங்கள் நடக்கும். விருப்பத்துக்கு விட்டிருப்பதால் இங்கே அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் நேர்மை என்று வரும்போது இக்களத்தின் மிகப்பெரிய குறையையும் சொல்லியாக வேண்டும். வாரந்தோறும் வரும் பழைய அணி ஒன்று இருக்கிறது. நடுவர்களில் சிலர் முன்பு அதே அணியில் ஆடியவர்கள். அந்த அணியைச் சேர்ந்த ஒருவர் கட்டடப் பகுதியில் அடிபட்டும் கை உயர்த்தாமல் ஆடியதைப் பலரும் புகார் செய்தோம். நடுவர் அவர் பின்னால் போய் நிற்கவில்லை. "அவர் அப்படிச் செய்கிறவர் இல்லை" என்று சிரித்துவிட்டு நகர்ந்தார். புதியவர் மீது புகார் வந்தால் உடனே பின்தொடரும் அதே நடுவர்கள், பழகியவர் விஷயத்தில் கண்டும் காணாமல் இருந்துவிட்டால், எழுதி வைத்திருக்கும் விதிகள் அனைத்தும் புதியவர்களுக்கு மட்டும் என்று ஆகிவிடும். அன்று மாலைச் சுற்றுகளில் ஆட்டம் கரடுமுரடானதை நேரில் பார்த்தேன். இரண்டு குண்டோடு நிறுத்திக்கொண்டிருந்தவர்கள் அந்த அணியைக் கண்டால் மட்டும் விரலை எடுக்காமல் சுட்டார்கள். அந்த அணியில் ஒருவர் கழுத்தில் வரிசையாகத் தடிப்புகளோடு வெளியே வந்தார். நடுவர்கள் தாங்கள் ஆடிய அணியின் சுற்றுகளில் நடுவராக நிற்கக்கூடாது என்ற எளிய விதி இதற்குப் போதுமானது. நிர்வாகத்திடம் இதை எடுத்துச் சொன்னபோது யோசிப்பதாகச் சொன்னார்கள். இதை எழுதும் வரை மாற்றம் எதையும் காணவில்லை.

இன்னொரு குறை, ஆட்டத்தை நிறுத்தும் விசில். மரங்கள் அடர்ந்த பகுதியின் கடைக்கோடியில் அது சரியாகக் கேட்பதில்லை. மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அங்கே சிலர் சுட்டுக்கொண்டிருந்ததை ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்திருக்கிறேன். நடுவர்களிடம் வாக்கிடாக்கி இருக்கிறது. ஆனால் அந்தக் கோடியில் நிரந்தரமாக ஒருவரை நிறுத்துவதில்லை. உரக்க ஒலிக்கும் காற்று ஹாரன் ஒன்றை வைத்தாலே தீரும் பிரச்சினை இது.

மொத்தத்தில், விதிகளை வகுத்த அறிவுக்கு மிக உயர்ந்த மதிப்பெண்ணும், அவற்றை எல்லா நாளும் எல்லோருக்கும் ஒன்றுபோல நடைமுறைப்படுத்துவதில் நடுத்தர மதிப்பெண்ணும் தருவேன். முதல் முறை போகிறவர்கள் கூட்டம் குறைந்த நாளைத் தேர்ந்தெடுங்கள். வேறு எதை வாடகைக்கு எடுத்தாலும், பி குறியீடு உள்ள, இரட்டை வில்லை கொண்ட கண்ணாடியையும் பல்லை மறைக்கும் கவசத்தையும் சொந்தமாக வாங்கிக்கொண்டு போங்கள். துப்பாக்கி வாங்குவதெல்லாம் அதற்குப் பிறகு. குழந்தைகளை அழைத்துச் செல்பவர்கள், விசில் விஷயம் சரிசெய்யப்படும் வரை, மரங்கள் அடர்ந்த பகுதியைத் தவிர்த்து, ஒற்றைச் சூடு மட்டுமே அனுமதிக்கப்படும் கட்டடப் பகுதியில் நடுவரின் பார்வை படும் தூரத்தில் அவர்களை ஆட விடுவதே நல்லது. மதியத்துக்குப் பிறகு மறுசோதனை நடக்கவில்லை என்றால் நுழைவு மேசைக்குப் போய்க் கேளுங்கள். நான் கேட்ட நாளில், சற்று முணுமுணுப்போடுதான் என்றாலும், குரோனோகிராஃபை மீண்டும் எடுத்து வைத்தார்கள்.